அஞ்சல் அனுப்பாத டொமைனுக்கும் பதிவுகள் தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போலி மின்னஞ்சல் குறித்த எச்சரிக்கைகள் பெரும்பாலும் அஞ்சலைப் பெறுபவருக்கே அறிவுரை சொல்கின்றன. யாருடைய டொமைன் பெயரில் (முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர்) அந்தப் போலி அஞ்சல் வருகிறதோ, அவருக்கும் கடமை உண்டு.

மின்னஞ்சலுக்கான எஸ்எம்டிபி நெறிமுறை 1982இல் வகுக்கப்பட்டபோது, அனுப்புநர் முகவரி உண்மையானதா என்று சோதிக்கும் ஏற்பாடு அதில் இல்லை. 1986இல் வந்த எம்எக்ஸ் பதிவு, ஒரு டொமைனுக்குரிய அஞ்சலை எந்த சர்வரிடம் ஒப்படைப்பது என்பதை மட்டுமே, டொமைன்களின் விவரங்களைப் பதிவுகளாக வெளியிடும் இணைய அடைவான டிஎன்எஸ் வழியே அறிவிக்கிறது. புறப்பட்ட இடத்தைச் சரிபார்க்கப் பின்னாளில் மூன்று ஏற்பாடுகள் வந்தன. டொமைனின் பெயரில் அனுப்ப அனுமதி பெற்ற சர்வர்களை எஸ்பிஎஃப் பட்டியலிடுகிறது. அஞ்சலிலுள்ள டிஜிட்டல் கையொப்பத்தைச் சோதிப்பதற்கான பொதுச் சாவியை டிகிம் வெளியிடுகிறது. அனுப்புநராகக் கண்ணுக்குத் தெரியும் டொமைனோடு இவ்விரண்டில் ஒன்றுகூடப் பொருந்தாத அஞ்சலை என்ன செய்வது என்பதை டிமார்க் சொல்கிறது.

பொருந்தாத அஞ்சலைத் தடுக்காமல் அறிக்கைகளை மட்டும் பெறும் கண்காணிப்பு நிலையில் டிமார்க்கைத் தொடங்குவது சரியே. சம்பளச் சீட்டு அனுப்பும் மென்பொருள், செய்திமடல் சேவை என்று நிர்வாகிகள் மறந்துபோன அனுப்புநர்களெல்லாம் அறிக்கைகளில்தான் தெரியவருவார்கள். அவற்றைச் சரிசெய்யாமல் நிராகரிப்பு நிலைக்குத் தாவினால் சொந்த அஞ்சலே தடைபடும். ஆனால் அறிக்கைகளைப் படிக்க ஒருவரையும் பொறுப்பாக்காமல் கண்காணிப்பிலேயே ஆண்டுக்கணக்கில் விட்டுவைப்பது, திருடனை அடையாளம் கண்டபின்னும் கதவைத் திறந்தே வைப்பதற்குச் சமம். 2024 பிப்ரவரி முதல், மொத்தமாக அனுப்புவோருக்கு எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றையும் ஜிமெயிலும் யாஹூவும் கட்டாயமாக்கியது வரவேற்கத்தக்கது. எனினும் அவை கேட்பதும் கண்காணிப்பு நிலையையே குறைந்தபட்சமாகக் கொண்டது.

என் பெருங்கவலை, அஞ்சலே அனுப்பாத டொமைன்களைப் பற்றியது. பெயரைக் காப்பதற்காக வாங்கிப் போட்டவையும், இணையதளத்துக்கு மட்டும் பயன்படுபவையும் எந்தப் பதிவும் இன்றிக் கிடப்பதால், மோசடிக்காரர்கள் அவற்றின் பெயரைத் தடையின்றி எடுத்தாள முடிகிறது. எந்த சர்வருக்கும் அனுமதி இல்லை என்று ஓர் எஸ்பிஎஃப் வரி, நிராகரிக்கச் சொல்லும் ஒரு டிமார்க் வரி, அஞ்சலை ஏற்பதில்லை என்று அறிவிக்க 2015இல் தரப்படுத்தப்பட்ட வெற்று எம்எக்ஸ் ஆகிய மூன்றும் போதும்.

ஸ்பேம் இதனால் முற்றிலும் ஒழிந்துவிடாது. மோசடிக்காரரும் சொந்த டொமைன் வாங்கி, பதிவுகளை முறையாக இட முடியும். ஆயினும் பிறர் பெயரைத் திருடுவது கடினமாகும். டொமைன் விற்கும் நிறுவனங்கள் இம்மூன்று பதிவுகளையும் விற்பனையின்போதே இட்டுத் தர வேண்டும். அஞ்சல் வசதி தேவைப்படுவோர் பின்னர் மாற்றிக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
மின்னஞ்சல் சர்வர் நிர்வாகி ஒருவர்