கேசட் அட்டையில் எழுதாத பெயர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கப் பாடகர் பால் சைமன் தென்னாப்பிரிக்கக் கலைஞர்களோடு சேர்ந்து 1986-ல் வெளியிட்ட 'கிரேஸ்லேண்ட்' இசைத்தொகுப்பைப் பற்றி வாசகர்கள் எழுதியவற்றைச் சென்ற இதழில் இரண்டு பக்கத்துக்குப் போட்டிருந்தீர்கள். ஒரு கட்சி 'ஆப்பிரிக்க இசையை அள்ளிக்கொண்டு போன கொள்ளை' என்கிறது. மறு கட்சி 'இசைக்கு எல்லை இல்லை' என்கிறது. இரண்டையும் படித்துவிட்டு எனக்குக் காப்பி இறங்கவில்லை.

நான் பாளையங்கோட்டையில் கேசட் பதிவு செய்து கொடுக்கும் கடை வைத்திருந்தவன். காசு வாங்கிக்கொண்டு அடுத்தவன் பாட்டை நகல் எடுத்தவன் என்று சொன்னாலும் மறுக்க மாட்டேன். எண்பதுகளின் கடைசியில், குவைத்திலிருந்து விடுப்பில் வந்த ஒருவர் இந்தத் தொகுப்பைக் கொண்டுவந்து இன்னொரு கேசட்டில் ஏற்றித் தரச் சொன்னார். அவர் கொண்டுவந்ததே நகல்தான். அட்டையில் நீல மையில் 'பால் சைமன்' என்று ஒற்றைப் பெயர்.

'யூ கேன் கால் மீ ஆல்' பாட்டு முடியப்போகிற நேரத்தில், ஒரு செப்புக் குடத்தைப் படியில் உருட்டிவிட்டு அதே வேகத்தில் மேலே இழுத்தது போல பேஸ் கித்தார் ஒரு குட்டிக்கரணம் போட்டது. டேப் சிக்கிக்கொண்டது என்று பதறி நிறுத்தினேன். டேப்பைப் படிக்கும் ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தேன், மறுபடி ஓடவிட்டேன். அதே குட்டிக்கரணம். வாசித்தவர் தென்னாப்பிரிக்கக் கலைஞர் பகிதி குமாலோ என்பதும், அதில் முன்பாதிதான் அவர் விரல், பின்பாதி அதே ஒலியைப் பின்னோக்கி ஓடவிட்டு ஒட்டியது என்பதும் வெகுகாலம் கழித்துத் தெரிந்தது. ஆக, டேப்பில் ஏதோ கோளாறு என்று நான் நினைத்தது முழுக்கத் தப்பில்லை!

இந்தத் தொகுப்பு பிறந்த கதையும் ஒரு நகல் கேசட்டில்தான் தொடங்குகிறது. யார் வாசித்தது என்றே தெரியாமல் சைமன் அதைக் காரில் போட்டுப் போட்டுக் கேட்டிருக்கிறார். பிறகு விசாரித்து, அது போயோயோ பாய்ஸ் என்ற தென்னாப்பிரிக்கக் குழு என்று கண்டுபிடித்தார். 1985 பிப்ரவரியில் ஜொகன்னஸ்பர்க் போய் அங்குள்ள கலைஞர்களோடு பதிவுக்கு உட்கார்ந்தார். நியூயார்க் இசைக்கலைஞர் சங்கம் வகுத்த கூலியைப்போல் மூன்று மடங்கு கொடுத்தார். கொள்ளை என்று எழுதிய அன்பர் இதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கூலியை விடுங்கள், பெயருக்கு வருகிறேன். முதல் பாட்டைத் திறந்துவைக்கிற அக்கார்டியன்காரர் ஃபொரேரே மொட்லோஹெலோவாவின் பெயர், அந்தப் பாட்டை ஆக்கியவர்களில் ஒருவராக சைமன் பெயரோடு சேர்ந்து நிற்கிறது. 'ஹோம்லெஸ்' பாட்டில் ஜோசப் ஷபலாலாவின் பெயரும் அப்படியே. அவருடைய லேடிஸ்மித் பிளாக் மாம்பாசோ குழு வாத்தியமே இல்லாமல், பெரும்பகுதி ஜூலு மொழியில் பாடுகிற பாட்டு அது. 'அவர்கள் வெறும் பின்னணிக் குரல்' என்று எழுதியிருக்கும் வாசகர் அந்தப் பாட்டைக் கேட்காமலேயே எழுதியிருக்கிறார்.

அதற்காகச் சைமனுக்குச் சந்தனம் பூசவும் வரவில்லை. கடைசிப் பாட்டை அவரோடு வாசித்த லாஸ் லோபோஸ் என்ற அமெரிக்கக் குழுவினர், அது தாங்கள் கொண்டுபோன மெட்டு என்று இன்றும் மனத்தாங்கலோடு சொல்கிறார்கள். அந்தப் பாட்டில் சைமன் பெயர் மட்டும்தான் இருக்கிறது. ஒரே உறைக்குள் இரண்டு விதமான நியாயம். எந்தப் பாட்டில் யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் இல்லை என்று பார்த்தாலே வழக்கில் பாதி தீர்ந்துவிடும். நிறவெறி அரசு நடந்த தென்னாப்பிரிக்காவுக்குக் கலைஞர்கள் போகக்கூடாது என்ற ஐ.நா.வின் கலாசாரப் புறக்கணிப்பை மீறிப் போகலாமா என்பது தனி வழக்கு. அந்த நாட்டைவிட்டு வெளியேறி வாழ்ந்த பாடகி மிரியம் மகேபாவும் டிரம்பெட் கலைஞர் ஹியூ மசகேலாவுமே 1987-ல் அவரோடு மேடையேறினார்கள். லண்டனில் அரங்குக்கு வெளியே வேறு கலைஞர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். இதற்குத் தாமிரபரணிக் கரையிலிருந்து நான் தீர்ப்புச் சொல்வதாக இல்லை.

'எல்லை இல்லை' அன்பருக்கு ஒரு வார்த்தை. அந்தப் பதிவு நடந்தபோது தென்னாப்பிரிக்காவில் கறுப்பினத்தவர் நகரத்துக்குள் நடமாடப் பாஸ் புத்தகம் வைத்திருக்க வேண்டும். 1986-ல்தான் அந்தச் சட்டம் நீங்கியது. பாட்டு எல்லை தாண்டிப் போய்விடும் ஐயா. வாசித்தவனைத்தான் வழியில் நிறுத்திப் புத்தகம் எங்கே என்று கேட்டார்கள்.

இவ்வளவு பேசுகிற என் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1988-ல் எங்கள் பக்கத்துச் சுடலைமாடன் கோயில் கொடைவிழாவில், சாமி கதையைப் பாடி ஆடும் கணியான் கூத்து. ராத்திரி முழுக்க உட்கார்ந்து பதிவு செய்தேன். தலைமைப் பாடகரான அண்ணாவி பாட, உச்சம் ஒன்றும் மந்தம் ஒன்றுமாக இரண்டு மகுடங்கள், அதாவது தோல் பறைகள். அடிக்கடி தீ மூட்டித் தோலுக்குச் சூடு காட்டிக்கொள்வார்கள். அந்தச் சுள்ளி வெடிக்கிற சத்தம்கூடப் பதிவில் விழுந்திருக்கிறது. சாமம் தாண்டி, உச்ச மகுடக்காரர் தனியாக ஒரு ஐந்து நிமிடம் வாசித்தார். அதைக் கேட்கவென்றே கடைக்கு ஆள் வந்தது. இருபது, முப்பது பிரதியாவது போட்டு விற்றிருப்பேன். அத்தனை அட்டையிலும் என் கையெழுத்தில் 'சுடலை கொடை 1988' என்றுதான் இருக்கும். கூலி கொடுக்கவில்லை. பெயர்கூடக் கேட்கவில்லை.

போன வருஷம் வெட்கம் உறைத்து, அந்த கேசட்டைத் தூக்கிக்கொண்டு விசாரிக்கப் போனேன். ஒருவர் 'எங்க சித்தப்பா கைதான்' என்றார். அடுத்த தெருக்காரர் சுருக்கென்று, 'அந்த வருஷம் அவர் காய்ச்சலில் கிடந்தார், இது எங்க மாமா' என்றார். அண்ணாவி இப்போது இல்லை. கொடை நடத்திய பெரியவர்களும் இல்லை. அட்டையில் அந்த இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது.

கடைசியாக உங்களிடம் ஒரு குறை. அந்தப் பக்கங்களில் போட்ட படத்துக்குக் கீழே 'பால் சைமன், ஆப்பிரிக்கப் பாடகர்களுடன்' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். சைமனுக்குப் பக்கத்தில் நிற்பவர் ஜோசப் ஷபலாலா. 2020-ல் காலமானார். அடுத்த இதழில் திருத்தம் போட்டால் நல்லது.

இப்படிக்கு,
பழைய கேசட் கடைக்காரர்,
பாளையங்கோட்டை.