பட்டாணியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டவர்களுக்கு

கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம், தஞ்சாவூர், கானாடுகாத்தான், தரங்கம்பாடி என்று காரில் சுற்றிவிட்டு நானும் என் கணவரும் சென்னைக்குத் திரும்பிவிட்டோம். கூட வந்த எங்கள் நாய் பட்டாணியும் நலம். வழியில் உதவியவர்கள் பலரிடம் பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. அதனால்தான் இந்த மடல்.

கோயிலுக்குள் நாயை விடமாட்டார்கள் என்பது தெரிந்துதான் கிளம்பினோம். ஒருவர் உள்ளே போனால் மற்றவர் வெளியே நாயோடு இருப்பது என்று ஏற்பாடு. ஆனால் சிற்பங்களைத் தனியாகப் பார்ப்பதில் பாதி ருசி போய்விடுகிறது. "இங்கே வந்து இதைப் பாருங்களேன்" என்று கூப்பிட ஆள் வேண்டும் இல்லையா?

கங்கைகொண்ட சோழபுரத்தில் இளநீர் விற்கும் அக்கா அதைப் புரிந்துகொண்டார். "ரெண்டு பேரும் சேர்ந்தே போயிட்டு வாங்க, இவன் இங்க கிடக்கட்டும்" என்று கயிற்றை வாங்கித் தன் வண்டியில் கட்டிக்கொண்டார். அக்கா, உங்கள் தயவில்தான் அந்தச் சண்டேச அனுக்கிரக மூர்த்தி சிற்பத்தின் முன்னால் இருவரும் சேர்ந்து நின்றோம். அடியார் சண்டேசர் கைகூப்பி உட்கார்ந்திருக்க, சிவன் அவர் தலையில் மாலையைச் சுற்றுகிறார். ராஜேந்திர சோழனுக்கே சிவன் முடிசூட்டுவதாக அதைப் பார்ப்பவர்களும் உண்டு. எனக்கு அந்த விரல்களே போதும். திரும்பி வந்தால் பட்டாணி இளநீர் வழுக்கையைத் தின்றுகொண்டிருக்கிறான். காசு வாங்க மறுத்துவிட்டீர்கள்.

அன்று மாலை பொன்னேரிக் கரைக்குப் போனோம். ராஜேந்திரன் வெட்டிய சோழகங்கம் ஏரிதான் அது. கரையில் ஓடிய பட்டாணிக்கு முன்னங்காலில் சீமைக்கருவேல முள் ஏறி, உள்ளேயே ஒடிந்துகொண்டது. கையை வைத்தாலே உறுமினான். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் தன் துண்டைக் கொடுத்து, "கடிக்காம இருக்க வாயைச் சுத்திக் கட்டும்மா" என்றார். அப்புறம் ஆடுகளைப் பேரனிடம் விட்டுவிட்டு, டி.வி.எஸ். 50-இல் எங்கள் காருக்கு முன்னால் பக்கத்து ஊர் அரசுக் கால்நடை மருந்தகம் வரை வழிகாட்டிக்கொண்டே வந்தார். மருந்தகத்தைப் பூட்டிக்கொண்டிருந்த டாக்டரம்மா எங்களைப் பார்த்ததும் மறுபடி திறந்தார். ஊசி போட்டு, முள்ளை எடுத்து, கட்டுப் போட்டார். "கட்டு நனையக் கூடாது. வெயிலில் தார் ரோட்டில் நடக்க விடாதீர்கள். உங்கள் புறங்கையை ரோட்டில் வைத்துப் பாருங்கள், உங்களால் தாங்க முடியாவிட்டால் அவனாலும் முடியாது" என்று சொல்லி அனுப்பினார். ஐயா, டாக்டரம்மா, நீங்கள் இருவரும் இல்லையென்றால் பயணம் அங்கேயே முடிந்திருக்கும்.

தாராசுரத்தில் வேப்பமர நிழலில் அவனைப் பார்த்துக்கொண்ட ஆட்டோ அண்ணனுக்கும் நன்றி. தேர்ச் சக்கர மண்டபத்தையும், கையளவு இடத்தில் நாயன்மார் கதைகளைச் செதுக்கியிருப்பதையும் நின்று நிதானமாகப் பார்த்தோம். "என்ன ஜாதி நாய்?" என்று நீங்கள் கேட்டதற்கு, தெரு நாய்தான் என்று என் கணவர் சொன்னார். "அப்ப நம்மாளு" என்று சிரித்தீர்களே, அதற்குத் தனி நன்றி.

தஞ்சாவூரில் நாய் வரலாம் என்று சொல்லி முன்பணம் வாங்கிய விடுதி, ராத்திரி வாசலில் வைத்து முடியாது என்றது. அந்த விடுதியின் காவலாளிதான் தன் போனிலேயே நாலு இடத்தில் விசாரித்து எங்களுக்கு அறை பிடித்துக்கொடுத்தார். பெரிய கோயிலை இந்தத் தடவை மாறி மாறித் தனியாகத்தான் பார்த்தோம். பரவாயில்லை.

கானாடுகாத்தானில் அந்தப் பெரிய வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆச்சி, "முகப்பு வரைக்கும் வரட்டும், உள்ள வேண்டாம்" என்றார். அதுவே பெரிய மனசு. பர்மா தேக்குத் தூண்களை நாங்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, பட்டாணி ஆத்தங்குடிக் கல்லில் வயிற்றை ஒட்டி நீட்டிப் படுத்துவிட்டான். கண்ணாடிமேல் வண்ணச் சிமெண்டை ஊற்றிச் செய்து, சூளையில் சுடாமல் தண்ணீரில் ஊறவைத்து எடுக்கும் கல் அது. வெளியே அனல் அடிக்க, அந்தத் தரை மட்டும் சில்லென்றிருந்தது. அவனை எழுப்ப மனமில்லாமல் ஆச்சி எங்களுக்கும் மோர் கொடுத்து உட்காரவைத்துவிட்டார்.

தரங்கம்பாடியில்தான் மூன்று பேரும் ஒன்றாக நடந்தோம். ராஜ வீதியும் கடற்கரையும் எல்லோருக்கும் பொது. 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டையை வெளியிலிருந்தும், பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலைக் கடற்கரையிலிருந்தும் பார்த்தோம். முன்பக்கத்தைக் கடல் கொண்டுபோன கோயில் அது. கட்டு நனையாமல் இருக்க அவன் காலில் பாலித்தீன் பையைக் கட்டிவிட்ட மீனவத் தம்பிகளே, அவன் குடிக்கத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்த உங்கள் எவர்சில்வர் கிண்ணம் எங்கள் காரிலேயே வந்துவிட்டது. பொங்கலுக்கு அந்தப் பக்கம் வருகிறோம், கொண்டுவந்து தருகிறோம்.