சக்கு சக்கு என்றால் மொறுமொறு

அன்புள்ள பங்காளி,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிவிட்டது. பதில் போடாததற்குச் சோம்பல் காரணமில்லை, ஒரு ஜப்பான் சாப்பாட்டுக் கடை. சிரிக்காதே. இங்கேதான், அண்ணா நகரில். ஒசாகாவில் ஆறு வருஷம் சமையல் வேலை பார்த்துத் திரும்பிய தம்பி ஒருவன், 24 பேர் உட்காரும் அளவில் ஆரம்பிக்கிறான். போர்டு, மெனு, பார்சல் டப்பா, பில் புக் எல்லாம் நம் பொறுப்பு. “பார்த்தா சிரிப்பு வரணும்ண்ணே, ஆனா கேலி பண்ற மாதிரி இருக்கக் கூடாது” என்றான். அதற்கு மேல் விவரம் எதுவும் சொல்லவில்லை.

முதலில் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். செர்ரிப் பூ, விசிறி, பிரஷ்ஷால் இழுத்த மாதிரி ஆங்கில எழுத்து. பார்த்துவிட்டு, “இது ஜப்பான் இல்லண்ணே, ஏர்போர்ட் கடை” என்றான். கோபம் வந்தது. ராத்திரி மறுபடி எடுத்துப் பார்த்தேன், அவன் சொன்னது சரிதான்.

அப்புறம் பூனைக்கு வந்தோம். ஜப்பானில் கடை வாசலில் ஒரு கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்குமே, மானேகி நேகோ. இடது கையைத் தூக்கியிருந்தால் ஆளைக் கூப்பிடுகிறது, வலது கை என்றால் காசைக் கூப்பிடுகிறது என்பார்கள். வெள்ளைக்காரர்களுக்கு அது டாட்டா காட்டுவது போலத் தெரியுமாம். நமக்கு அந்தக் குழப்பமே இல்லை. உள்ளங்கையைக் கீழே வைத்து விரலை மடக்கித்தானே நாமும் “இங்க வா” என்கிறோம்! கைலி கட்டி, தோளில் துண்டு போட்டு ஒரு பூனை வரைந்தேன். தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். சாயங்காலம் அவன் அப்பா வந்தார், நாற்பது வருஷம் பாத்திரக் கடை நடத்தியவர். “காலங்காத்தால கடையத் திறந்து பூனை மூஞ்சியில முழிக்கணுமா?” பூனை அத்தோடு போயிற்று.

பூனைக்குப் பதில் போதிதர்மரைப் போடச் சொன்னார் பெரியவர். அங்கே தாருமா என்று அவர் பெயரில் ஒரு சிவப்பு பொம்மை உண்டு. நம் தஞ்சாவூர்ப் பொம்மை மாதிரி, தள்ளினாலும் நிமிர்ந்துகொள்ளும். கண் வரையாமல் விற்பார்கள். வேண்டிக்கொள்ளும்போது ஒரு கண், நிறைவேறினால் மறு கண். பொம்மை எனக்கும் பிடிக்கும்தான். ஆனால் சுவரில் “காஞ்சிபுரத்து இளவரசர்” என்று எழுத வேண்டும் என்றார். அதை எழுதினால் நம்மூரில் யார் சாப்பிடுவான்? தினமும் பட்டிமன்றம்தான் நடக்கும். கல்லாவில் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள் என்று சமாளித்துவிட்டேன்.

வழி கிடைத்தது அடுப்படியில். வெண்டைக்காயை மெல்லிய மாவில் தோய்த்துப் பொரித்து, டெம்புரா என்று நீட்டினான். கடித்தேன். “சக்கு சக்குன்னு இருக்கா?” என்றான். என்னடா அது என்றால், மொறுமொறு! உள்ளே இருக்கும் கொழகொழவுக்கு நெபா நெபா. நூடுல்ஸ் வழுக்கிக்கொண்டு போவதற்கு த்சுரு த்சுரு. ஜப்பான்காரனும் வாய்க்குள் நடப்பதை இரட்டித்துத்தான் சொல்கிறான், பங்காளி. எட்டாம் வகுப்பில் ‘சலசல’வைப் பிரித்து எழுதி நான் பிரம்படி வாங்கியபோது பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தவன் நீ. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

படத்தையெல்லாம் தூக்கிப் போட்டேன். இப்போது கடை முழுக்கச் சொற்கள்தான். மொறுமொறுவின் ஓரமெல்லாம் பொரித்த தூள் உதிர்வது போல. வழுவழுவில் ழுவின் வாலை இழுத்து, கீழே ஒரு கிண்ணத்துக்குள் விட்டிருக்கிறேன். கம்ப்யூட்டரில் இருபது எழுத்துரு போட்டுப் பார்த்தேன், எதிலும் அந்த வால் வரவில்லை. போர்டு எழுதிய காலத்துப் பிரஷ்ஷைத் தேடி எடுத்து ஊறவைத்து, மூன்றாவது இழுப்பில் வந்தது. பக்கத்திலேயே சின்னதாக அவர்கள் எழுத்து. அதில் ‘ஷி’யும் ‘த்சு’வும் நம் எ, ஏ மாதிரி கிட்டத்தட்ட ஒன்றுதான், இரண்டு சின்னக் கோடு, ஒரு நீளக் கோடு. ‘ஷி’க்கு நீளக் கோட்டைக் கீழிருந்து மேலே இழுக்க வேண்டும், ‘த்சு’வுக்கு மேலிருந்து கீழே. நான் மாற்றி இழுத்து, த்சுரு த்சுரு ஷிரு ஷிரு ஆகிவிட்டது. தம்பி பார்த்ததால் பிழைத்தேன்.

பார்சல் டப்பாவின் மாதிரி அச்சாகி வந்தபோது இன்னொரு கூத்து. ‘மொறு’ ஒரு பக்கம், மடிப்பு தாண்டி அடுத்த பக்கம் இன்னொரு ‘மொறு’. இரட்டைக்கிளவியைப் பிரித்தால் பொருள் தராது என்று பிரஸ்காரருக்குப் பாடம் எடுத்தேன்! பழைய பிரம்படி இப்போதுதான் உதவுகிறது.

ஜப்பானில் கடை வாசலில் நோரென் என்று பிளந்த துணித்திரை தொங்கவிடுவார்கள். மாட்டியிருந்தால் கடை திறந்திருக்கிறது என்று அர்த்தம். அதைச் சுங்குடியில் செய்யச் சொல்லிவிட்டேன். நூலால் முடிந்து சாயத்தில் முக்கும் இதே வேலையை அவர்கள் ஷிபோரி என்கிறார்கள், புள்ளிகூட அப்படியே இருக்கிறது. நீலத்தில் வெள்ளைப் புள்ளி. உயரமானவர்கள் தலையில் இடிக்கிறது என்கிறார்கள். குனிந்துதான் வரட்டுமே.

இப்போது உன்னிடம் ஒரு வேலை. மொச்சி மொச்சி என்று ஒரு சொல் மிச்சமிருக்கிறது. பிசைந்த அரிசி மாவு உருண்டையைக் கடித்தால் பல் உள்ளே போய், மாவு பல்லைத் திருப்பித் தள்ளுமே, அந்தப் பதம். சூடான கொழுக்கட்டையில் கொஞ்சம் உண்டு. மெத்துமெத்து என்றால் இட்லியாகிவிடுகிறது. சவக்சவக் என்றால் நமத்த அப்பளம் ஞாபகம் வருகிறது. தமிழய்யாவாக முப்பது வருஷம் இருந்தவனுக்கு ஒரு சொல் கிடைக்காதா? வெள்ளிக்கிழமை டப்பா அச்சுக்குப் போகிறது. கடிதம் வேண்டாம், போன் போடு. முழங்கால் எப்படி இருக்கிறது என்பதையும் அப்போதே சொல்லு.

உன்
பங்காளி