மோரேயில் இறங்கிய என் மாமா

ஐயா,

எல்லை ஊர்களைப் பற்றிய உங்கள் ஞாயிறு கட்டுரையில் மோரேக்குக் கிடைத்தது ஒரே வரி: 'மணிப்பூரின் வணிக நகரம்'. அந்த ஊரின் பாதிக் கதை எங்கள் வீட்டுக் கதை.

1962இல் பர்மாவில் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964இல் கடைகளை அரசுடைமையாக்கினார்கள், பர்மியப் பணமான சாட்டில் 50, 100 நோட்டுகளும் செல்லாமல் போயின. ரங்கூனில் அரிசிக் கடை வைத்திருந்த அப்பாவும் மாமாவும் கப்பலேறிச் சென்னை வந்தார்கள். அப்பா வியாசர்பாடியில் தங்கிவிட்டார். மாமாவுக்கு இங்கே எதுவும் ஒட்டவில்லை. சாப்பாடுகூடத்தான்! சில மாதங்களில் வேறு சில குடும்பங்களோடு தரைவழியாகவே பர்மா திரும்பப் புறப்பட்டார். எல்லையில் பர்மாக்காரர்கள் விடவில்லை. திரும்பி வரவும் மனமில்லை. இம்பாலிலிருந்து சுமார் 110 கிலோமீட்டர் தள்ளி, எல்லை ஓரத்தில் இருந்த மோரேயிலேயே தங்கிவிட்டார்கள்.

பர்மியமும் தமிழும் தெரிந்தவர்களுக்கு எல்லையில் வியாபாரம் வராமல் போகுமா? கடைகள் வந்தன, அப்புறம் தமிழ்ச் சங்கம், அங்காள பரமேஸ்வரி கோயில். 1980இல் நான் போனபோது மாமா காலையில் இட்லி வாங்கித் தந்தார், மாலையில் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ். தொண்ணூறுகளின் கலவரங்களில் பலர் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். 1995இல் எல்லை வணிகம் முறைப்படி தொடங்கியபோது மாமா இல்லை.

2023 முதல் மணிப்பூர்க் கலவரச் செய்திகளில் மோரே பெயரும் வருகிறது. அங்கே மிச்சமிருக்கும் தமிழ்க் குடும்பங்களிடம் உங்கள் நிருபர் ஒருமுறை பேசலாமே.

– ஓய்வுபெற்ற தபால்காரர், வியாசர்பாடி