எச்சிலில் எழுதிய பயம்

ஆசிரியருக்கு,

என் அண்ணி போன மாதம் ஒரு தனியார் லேபில் எச்சில் கொடுத்து ஜீன் டெஸ்ட் எடுத்தார். வைட்டமின் டி-யைச் செல்லில் வேலை செய்ய வைக்கும் ஏற்பிப் புரதத்துக்கான ஜீனில் ஃபோக்-ஒன் என்ற இடத்தில் 'மாற்றம் உள்ளது' என்று சிவப்பில் போட்டு, பக்கத்திலேயே மார்பகப் புற்றுநோய் அபாயம் என்றும் எழுதியிருந்தார்கள். அன்றிலிருந்து அவருக்குத் தூக்கமே இல்லை.

விஷயம் இதுதான். அந்த இடத்தில் டிஎன்ஏவின் ஓர் எழுத்து மாறினால் ஏற்பிப் புரதத்தில் 424 அமினோ அமிலங்களுக்குப் பதில் 427 இருக்கும், நீண்டது கொஞ்சம் மந்தமாக வேலை செய்யும், அவ்வளவுதான். 2005-இல் வெளிவந்த அமெரிக்க நர்சுகள் ஆய்வில் அம்மா, அப்பாவிடமிருந்து வரும் ஜீனின் இரண்டு பிரதியும் நீண்ட வகையாக இருந்தவர்களுக்கு அபாயம் சற்றுக் கூடுதலாகத் தெரிந்தது உண்மை, ஆனால் மற்ற ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. ஆயுள்கால அபாயத்தை 60 சதவீதத்துக்கு மேல் கொண்டுபோகும் பிஆர்சிஏ-1 என்ற ஜீனின் கோளாறோடு இதை ஒரே பட்டியலில் அச்சடிப்பது அநியாயம். சரி, கூடவே வைட்டமின் டி மாத்திரை வேறு பரிந்துரைக்கிறார்கள்! 25,871 பேர் பங்கேற்ற 'வைட்டல்' என்ற அமெரிக்க ஆய்வில் தினமும் 2,000 யூனிட் வைட்டமின் டி கொடுத்தும் புற்றுநோய் வருவது குறையவில்லை.

அண்ணிக்கு 52 வயது. மார்பகப் புற்றுநோயைக் கண்டறியும் எக்ஸ்ரேயான மேமோகிராம் இதுவரை ஒருமுறைகூட எடுத்ததில்லை, அதைப் பற்றி அந்த 18 பக்க ரிப்போர்ட்டில் ஒரு வரி இல்லை.

ஒரு வாசகி,
திருச்சி