பாக்தாத் ரொட்டி அடுப்புக்காரருக்கு, சேலத்திலிருந்து நன்றி

தம்பி நேற்று விடியற்காலை ஏற்காடு எக்ஸ்பிரஸில் வந்து இறங்கிவிட்டான். கையில் கட்டு இருக்கிறது, மற்றபடி சாப்பிடுகிறான், தூங்குகிறான். 2016 ஜூலை 3 அன்று பாக்தாத்தின் கராதா பகுதியில் கடை வளாகத்தில் குண்டு வெடித்ததை டிவியில் எல்லோரும் பார்த்தீர்கள், அதைத் திரும்ப எழுத எனக்குக் கை வரவில்லை.

முதல் நன்றி நம்ம ஊர்க்காரர் அல்லாத ஒருவருக்கு. தம்பி வேலை பார்த்த ஓட்டலில் ரொட்டி அடுப்பில் நிற்பவர். அந்தக் கடை வளாகம் எரிந்துகொண்டிருந்த நேரத்தில், போனைத் தொலைத்துவிட்டு நின்ற தம்பியிடம் தன் போனை நீட்டி, முதலில் உன் அம்மாவிடம் பேசு என்றிருக்கிறார். ஞாயிறு விடியும் முன்னே எங்களுக்கு வந்த, 964ல் தொடங்கும் ஈராக் எண் அவருடையதுதான். பின்னால் ஆம்புலன்ஸ் சத்தம், யாரோ கத்துகிறார்கள், அதற்கு நடுவே "அம்மா, எனக்கு ஒண்ணுமில்ல" என்றான். அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான், "சாப்பிட்டியா சாமி?"

அந்த மனிதரின் சித்தப்பா மகன் பெருநாளுக்குத் துணி எடுக்க அதே கட்டடத்துக்குள் போயிருந்தது எங்களுக்கு அப்புறம்தான் தெரியும். தகவல் வருமா என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, அந்தத் தகவல் வரவேண்டிய போனையே எடுத்து எங்களுக்குக் கொடுத்திருக்கிறார். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகத் தேடியும் அந்தப் பையன் கிடைக்கவில்லை, டிஎன்ஏ பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள்.

அவர் பெயரை எழுதட்டுமா என்று கேட்டேன், வேண்டாம்க்கா என்றான் தம்பி. 2006, 2007ல் அங்கே அடையாள அட்டையில் பெயரைப் பார்த்தே, முஸ்லிம்களில் ஷியா பிரிவா சன்னி பிரிவா என்று முடிவு செய்து கொன்றிருக்கிறார்கள். இந்தக் குண்டுவெடிப்பிலும் ஷியாக்களைக் குறிவைத்தோம் என்று ஐஎஸ் தீவிரவாத அமைப்பு பெருமையாக அறிவித்தது. நோன்பு துறந்துவிட்டுப் பிள்ளைகளோடு கடைக்கு வந்த சனம், 300 பேருக்கு மேல் செத்துப் போனார்கள். சோதனைச்சாவடிகளில் குண்டு கண்டுபிடிக்க வைத்திருந்தது போலிக் கருவி, அதை விற்ற பிரிட்டன்காரனுக்கு 2013லேயே 10 வருடம் சிறை கொடுத்தாயிற்று, இருந்தும் இத்தனை உயிர் போன பிறகுதான் அதைத் தூக்கச் சொல்லியிருக்கிறார் அவர்கள் பிரதமர். நினைக்க நினைக்க வயிறு எரிகிறது.

சரி. தூதரகத்தில் நாங்கள் எத்தனை முறை கூப்பிட்டாலும் போனை எடுத்தவர்கள், கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதித் தந்து காசு வாங்காத அண்ணன், தறியை நிறுத்திவிட்டு அம்மாகூட வந்து உட்கார்ந்த அம்மாபேட்டை அக்காக்கள், கோட்டைப் பள்ளிவாசலில் தம்பிக்காக துஆ செய்தவர்கள், எல்லோருக்கும் எங்கள் வீட்டின் நன்றி. ஆடித் திருவிழாவில் கோட்டை மாரியம்மனுக்கு உருளுதண்டம் போடுவதாக அம்மா வேண்டியிருக்கிறார். என் வேண்டுதல் வேறு. நான் இருக்கும்வரை ஒவ்வொரு ரம்ஜானுக்கும் அந்த வீட்டுக்குப் போன் பண்ணி அவர்கள் அம்மாவிடம் பேசுவேன்.

உங்களில் அரபி தெரிந்தவர்கள் யாராவது இருந்தால், மேலே அவரைப் பற்றி எழுதியதை மட்டும் அரபியில் பேசிப் பதிவு செய்து தாருங்கள். தம்பி அவருக்கு அனுப்பி வைப்பான்.