பிள்ளைகளே செய்யும் இரண்டு நிமிடக் கதை

ஆசிரியர் அவர்களுக்கு,

அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குத் திறன் வகுப்பறை வந்துவிட்டது. உயர்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் எனும் கணினி ஆய்வகம் இருக்கிறது. 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடும் உண்டு. ஆனால் இத்தனைக்கு நடுவிலும் பிள்ளைகளின் வேலை பெரும்பாலும் பார்த்துக்கொண்டிருப்பதுதான். யாரோ எடுத்த காணொலியை ஆசிரியர் ஓட்டுகிறார், வகுப்பு வேடிக்கை பார்க்கிறது. பாடத்தைப் பிள்ளைகளே கதையாகச் செய்து காட்டவும் இதே கருவிகள் போதும். ஐந்து பேர் கொண்ட குழுவுக்கு ஒரு ஆண்ட்ராய்டு போன், ஒரு கணினி, நான்கு பாடவேளை. அவ்வளவுதான் செலவு.

1990களில் கலிபோர்னியாவில் ஜோ லாம்பர்ட், டேனா ஆட்ச்லி ஆகியோர் பயிலரங்குகளாக நடத்தத் தொடங்கிய டிஜிட்டல் கதைசொல்லலும் அடிப்படையில் இதுதான்: சொல்பவரின் சொந்தக் குரல், கொஞ்சம் அசையாப் படங்கள், இரண்டு மூன்று நிமிடம். வித்தை காட்டும் அனிமேஷன் எதுவும் தேவைப்படவில்லை. நம் பள்ளிகளில் இதைச் செய்யும்போது எங்கெங்கே சறுக்குகிறது என்று சொல்லவே இக்கடிதம்.

முதல் சறுக்கல் போனைக் கையில் எடுக்கும் முன்பே நடந்துவிடுகிறது. நீர்வளம் என்று ஒரு பாடம் இருந்தால், சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஊர்க் கண்மாயைவிட நல்ல பொருள் கிடையாது. எழுதச் சொன்னால் என்ன வருகிறது? "எங்கள் ஊர்க் கண்மாய் மிகவும் பழமை வாய்ந்தது. அது நமக்குப் பல நன்மைகளைத் தருகிறது." இது தேர்வுத்தாள் வாக்கியம். இதற்குப் படம் எடுக்கவும் முடியாது. "கலுங்குல தண்ணி விழுந்தா எங்க தெரு வரைக்கும் சத்தம் கேக்கும்" என்று ஒரு பிள்ளை சொன்னால் (கலுங்கு என்பது கண்மாய் நிரம்பினால் உபரிநீர் வழியும் இடம்) அதை அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும். பேச்சுத் தமிழைத் திருத்தக் கூடாது. மடையைத் திறப்பவர் யார், முதல் தண்ணீர் எந்த வயலுக்கு, வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்டு விடும் நீர்பாய்ச்சி என்று ஊரில் இப்போது யாராவது இருக்கிறார்களா என்று பெரியவர்களிடம் கேட்டு வரச் சொன்னால் இரண்டு பாடவேளை எழுத்திலேயே போய்விடும். போகட்டும். பாடம் அங்கேதான் நடக்கிறது.

அளவு முக்கியம். இரண்டு நிமிடத்துக்கு 160 முதல் 180 தமிழ்ச் சொற்கள். ஆங்கில வழிகாட்டிகளில் உள்ள எண்ணிக்கையை அப்படியே எடுத்தால் பிள்ளைகள் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள், ஏனென்றால் நம் சொற்கள் நீளம். ஓர் ஏ4 தாளை நான்கு முறை மடித்துப் பிரித்தால் 16 கட்டம் வரும். முதல் கட்டம் தலைப்பு, கடைசிக் கட்டம் செய்தவர்கள் பெயர், நடுவே 14 படம். கட்டத்துக்கு ஒரு படம், கீழே ஒன்றிரண்டு வாக்கியம். ஒரு படம் எட்டு ஒன்பது நொடி நிற்கும்.

படம் சுமாராக இருந்தால் பிள்ளைகள் பொறுத்துக்கொள்வார்கள். குரல் தெளிவாக இல்லை என்றால் அரை நிமிடத்தில் வகுப்பே பேசத் தொடங்கிவிடும். நம் வகுப்பறையோ வெறும் சுவரும் சிமெண்ட் தரையுமாக எதிரொலிப்பது; போதாததற்கு மின்விசிறி. நூலக அலமாரிகளுக்கு நடுவிலோ, சத்துணவு அரிசி மூட்டை அடுக்கிய அறையிலோ பதிவு செய்து பாருங்கள், எதிரொலி பெரும்பாலும் அடங்கிவிடும். போனை ஏரோபிளேன் மோடில் போட வேண்டும். இல்லாவிட்டால் நல்ல பதிவின் நடுவில்தான் அழைப்பு வரும். வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, நேராக அல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் பிடித்தால் 'ப' ஒலிக்கும்போது காற்று மைக்கில் மோதாது. கதை முழுவதையும் ஒரே மூச்சில் பேசவைக்கக் கூடாது. கட்டத்துக்கு ஒரு கோப்பு, 01, 02 என்று பெயர். தவறினால் அந்த ஒன்றை மட்டும் திரும்பப் பேசினால் போதும்.

ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் ஐந்து நொடி யாரும் பேசாமல் இருக்க வேண்டும். கணினியில் இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் அந்த ஐந்து நொடியைத் தேர்ந்து 'கெட் நாய்ஸ் புரொஃபைல்' கொடுத்து (இரைச்சல் எது என்று அதற்குக் காட்டுவது இது), பிறகு முழுப் பதிவையும் தேர்ந்து நாய்ஸ் ரிடக்ஷன், அதாவது இரைச்சல் குறைப்பு, செய்யலாம். குறைக்கும் அளவு 12 டெசிபல் போதும். இன்னும் சுத்தமாக வரட்டும் என்று 20க்கு மேல் ஏற்றினால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆகிவிடும்.

அடுத்தது திரையில் வரும் எழுத்து. பல காணொலித் தொகுப்புச் செயலிகளில் தமிழைத் தட்டினால் கொம்பு, தான் சேர வேண்டிய எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், மெய்ப்புள்ளி தனியே தொங்கும். எழுத்துகள் சேமிக்கப்பட்ட வரிசையிலேயே அவற்றைக் காட்டி, தமிழுக்குரிய இடமாற்றத்தைச் செய்யத் தெரியாத செயலிகள் அவை. லிப்ரே ஆபீஸ் இம்ப்ரெஸ் என்ற காட்சிப் பக்க மென்பொருளில் யூனிகோடில் தட்டி, அந்தப் பக்கத்தை பிஎன்ஜி படமாக எடுத்துச் சேர்த்தால் சிக்கல் தீர்ந்தது. யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டி வைத்த பழைய கோப்பு என்றால் முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும்.

அதற்காக, பேசுவதையெல்லாம் திரையிலும் எழுதிவிடக் கூடாது. ஒரே வாக்கியத்தைக் காதும் கண்ணும் சேர்ந்து துரத்தும்போது படத்தைப் பார்க்க ஆள் இருக்காது. பல்லூடகக் கற்றல் ஆய்வாளர் ரிச்சர்ட் மேயர் பல சோதனைகளில் காட்டியது இது. 'கலுங்கு', 'மடை' போன்ற புதுச் சொற்களை மட்டும் காட்டலாம். காது கேளாத பிள்ளைகள் உள்ள வகுப்பிலும், வாசிக்கப் பழகும் சிறு வகுப்புகளிலும் இந்த விதி பொருந்தாது. அங்கே வரிகள் அவசியம்.

படங்களைப் பிள்ளைகளே வரையட்டும். வெயிலில் வேண்டாம், நிழலில் தாளை வைத்து, ஃபிளாஷ் இல்லாமல், போனைக் கிடைமட்டமாகப் பிடித்து எடுக்கலாம். இணையத்தில் தேடி எடுத்த படமும் சினிமாப் பாட்டும் வகுப்புக்குள் பெரிய பிரச்சினை ஆகாமல் போகலாம். யூடியூபில் ஏற்றினால் உரிமைக் கோரிக்கை வரும். கீழ் வகுப்புகளுக்குப் படம் வேண்டுமென்றால் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில், பெயர் குறிப்பிட்டால் பயன்படுத்திக்கொள்ளலாம் என்ற உரிமத்தோடு தமிழ்க் கதைகளும் ஓவியங்களும் உள்ளன. பிள்ளைகளின் முகத்தைப் பொதுவெளியில் போடவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயதுக்குட்பட்டோரின் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது.

முடித்த படத்தை 720பி (படத்தின் தெளிவு), எச்.264 (காணொலியைச் சுருக்கும் முறை), எம்பி4 (கோப்பு வகை) ஆகச் சேமித்தால் இரண்டு நிமிடம் சுமார் 30 எம்பி வரும். எச்.265 கோப்பு பல பழைய திரைகளில் ஓடாது. குரல் மட்டும் கேட்கும், படம் கறுப்பாக நிற்கும். வாட்ஸ்அப்பில் அனுப்புவதென்றால் வீடியோவாக அல்லாமல் டாக்குமெண்டாக அனுப்ப வேண்டும்.

மதிப்பெண் போடும்போதும் கவனம் வேண்டும். போன் நன்றாகத் தெரிந்த ஒரு பையன் எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொள்வான். மற்ற நால்வரும் கைகட்டி நிற்பார்கள். பாடவேளைக்குப் பாடவேளை பொறுப்பை மாற்றிவிட்டு, வளரறி மதிப்பீட்டில் பாதி மதிப்பெண்ணை எழுத்துக்கும் விசாரித்து வந்த தகவலுக்கும் கொடுத்தால் இது குறையும். ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்குப் போகும்போது மினுமினுக்கும் மாற்றங்களுக்கு மதிப்பெண் கொடுத்தால் அடுத்த முறை எல்லாக் குழுவும் அதைத்தான் செய்யும்.

பள்ளிக் கல்வித் துறையிடம் கேட்பது இரண்டு. ஹைடெக் லேபில் இணையவழித் தேர்வு நடக்காத வாரங்களில், 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்குப் பருவத்துக்கு நான்கு பாடவேளையைக் கால அட்டவணையிலேயே ஒதுக்க வேண்டும். பள்ளிக்கு இரண்டு காலர் மைக் வாங்க அனுமதி வேண்டும். சில நூறு ரூபாய்தான். மொத்தமாகக் கொள்முதல் செய்பவர்கள் மைக்கின் பின்னை, அதாவது செருகும் முனையை, பார்த்து வாங்கட்டும்: 3.5 மிமீ பின்னில் மூன்று கறுப்பு வளையம் இருந்தால்தான் போனில் வேலை செய்யும். இரண்டு வளையம் உள்ளது கேமராவுக்கானது.

இப்படிக்கு,
ஆசிரியப் பயிற்றுநர்கள் சிலர்,
சிவகங்கை மாவட்டம்